ஸ்கொத்லாந்துப் பண்ணையாளின் குடும்பமும் குடிசனமதிப்பு ஏடுகளும்

ஏர் பிடித்து வாழ்ந்தவன் தன் வாழ்க்கையைத் தானே எழுதிவைத்தல் எந்நாட்டிலும் அரிது. எழுத்தறிவின்மையே அதற்குக் காரணமென்று நாம் எளிதிற் கூறிவிடுவோம். பத்தொன்பதாம் நூற்றாண்டு ஸ்கொத்லாந்தைப் பொறுத்தவரையில் அக்காரணம் பொருந்தாது. அந்நாட்டின் தாழ்நிலப் பகுதியிலே கோவிற்பற்றுத் தோறும் பாடசாலை இருந்தது. 1855ஆம் ஆண்டில் மணம் புரிந்த ஆடவருள் பத்துக்கு ஏறத்தாழ ஒன்பதின்மர் பதிவேட்டிலே தம் பெயரைத் தாமே எழுதினர். பண்ணையாள் விவிலியம் வாசித்தான். தன் எசமானைக் கேலிசெய்து பாட்டுங் கட்டினான். ஆயினும் அவன் கடிதக் கட்டுகளையோ நாட்குறிப்பையோ விட்டுச் செல்லவில்லை. தவணைதோறும் வீடு மாறுகின்றவன் ஒரு வண்டியில் ஏற்றக்கூடியதையே உடைமையாக வைத்திருந்தான்; அவ்வண்டியிற் கடதாசிக்கு இடமிருந்ததில்லை.

எனவே அவனை அறியப் புகுவோர் பிறர் எழுதியவற்றையே நாடவேண்டியுள்ளது. நிலக்கிழாரின் கணக்குப் புத்தகத்தில் அவன் ஒரு செலவு. திருச்சபை மன்றத்தின் குறிப்பேட்டில் அவன் ஒரு பாவி. அரச ஆணைக்குழுவின் அறிக்கையில் அவன் ஒரு பிரச்சினை. அவனையும் அவன் மனைவி மக்களையும் புகழாமலும் பழிக்காமலும் பெயர் சொல்லி அழைத்து, வயதும் தொழிலும் பிறந்த ஊரும் கேட்டு எழுதிய ஏடு ஒன்றேயுண்டு. அஃது பத்தாண்டுக்கொருமுறை எடுக்கப்பட்ட குடிசனமதிப்பு. ஒருவரி இருவரியாக அமைந்த அவ்வேட்டிலிருந்து ஒரு பண்ணையாளின் குடும்ப வரலாற்றை எவ்வளவு தூரம் மீட்டெடுக்கலாம், எவ்விடத்தில் அவ்வேடு நம்மை ஏமாற்றும் என்பனவற்றை ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கம். அவ்வேட்டிலே 'குடும்பம்' எனக் குறிக்கப்படுவது வேறு, பண்ணையாளின் உண்மைக் குடும்பம் வேறு என்பதும், பிரிந்து கிடக்கும் உறுப்புகளைக் கோத்துத் தரும் நூல் 'பிறந்த இடம்' என்னும் நிரலே என்பதும் யான் நிறுவ விழைவன.

முதற்கண் ஏட்டின் இயல்பை அறிதல் வேண்டும். பிரித்தானியாவின் முதற் குடிசனமதிப்பு 1801இல் எடுக்கப்பட்டது. அவ்வாண்டிலும் அதனையடுத்த மூன்று முறைகளிலும் அரசு வேண்டியது தொகையேயன்றிப் பெயரன்று. ஸ்கொத்லாந்திலே கோவிற்பற்றுப் பாடசாலையின் ஆசிரியரே பெரும்பாலும் இப்பணியைச் செய்தார். ஊரார் அனைவரையும் அறிந்தவரும், எழுத்தழகுடையவரும், சிறு ஊதியத்துக்கு இணங்குபவரும் அவரே என்பது அரசின் கணிப்புப் போலும். (அரசாங்கக் கணக்கு வேலைகளை ஆசிரியர் தலையில் ஏற்றுதல் இக்காலத்தது மட்டுமன்று என்பதை இம்மலரை வாசிக்கும் ஆசிரியர்கள் குறித்துக்கொள்வார்களாக.) ஒவ்வொருவர் பெயரும் பதியப்பட்ட முதல் ஏடு 1841 யூன் 6ஆம் நாள் இரவுக்குரியது. அதிற் குறைகள் பல. பதினைந்து வயதுக்கு மேற்பட்டோரின் வயதை ஐந்தின் மடங்காகக் குறைத்து எழுதுமாறு பணிக்கப்பட்டிருந்தது. ஆகவே '25' என்று எழுதப்பட்டவன் இருபத்தொன்பது வயதினனாகவும் இருக்கலாம். ஒரு வீட்டிலுள்ளோர் ஒருவருக்கொருவர் என்ன முறை என்பது எழுதப்படவில்லை. பிறந்த இடத்தைப் பற்றி, இதே மாவட்டத்திற் பிறந்தவரா, அன்றி இங்கிலாந்து, அயர்லாந்து, பிறநாடு ஆகியவற்றிற் பிறந்தவரா என்பதற்கு மேல் யாதுங் கேட்கப்படவில்லை.

1851இல் இக்குறைகள் நீங்கின. குடும்பத்தலைவருக்கு உறவு, மணநிலை, சரியான வயது, தொழில், பிறந்த மாவட்டம், பிறந்த கோவிற்பற்று என்பன நிரல் நிரலாக இடம்பெற்றன. 1855 சனவரி முதலாந் திகதி தொடக்கம் பிறப்பு, இறப்பு, விவாகப் பதிவு ஸ்கொத்லாந்திலே சட்டமாயிற்று. அதற்கென எடின்பரோவில் அமைந்த பதிவாளர் நாயகத்தின் பணிமனையே 1861 முதல் ஸ்கொத்லாந்தின் குடிசனமதிப்பையும் நடத்தியது. அவ்வாண்டில் இங்கிலாந்தின் படிவத்திலே காணப்படாத ஒரு கேள்வி ஸ்கொத்லாந்தின் படிவத்தில் ஏறியது: பலகணியுள்ள அறைகள் எத்தனை? ஏழைகளின் வீட்டுநிலை குறித்து ஓயாது பேசிவந்த ஜேம்ஸ் பெக் முதலிய திருச்சபைப் போதகர்களின் தூண்டுதல் இதன் பின்னணியில் இருந்தது. விடை நாட்டை நாணச் செய்தது. முழு ஸ்கொத்லாந்திலும் மூன்றிலொரு பங்கு குடும்பங்கள் ஒற்றை அறையிலும், அதனினுஞ் சற்றுக் கூடுதலானவை இரண்டே அறைகளிலும் வாழ்ந்தன. பலகணியே இல்லாத வீடுகளும் ஆயிரக்கணக்கில் இருந்தன.

இனிப் பண்ணையாள் என்பான் யாவன் என்பதை நோக்குவோம். நாட்கூலிக்கு வருபவனும் பண்ணையாளும் வேறானவர். பண்ணையாள் தவணைக்கு அமர்த்தப்பட்டவன். மணமாகாதவனாயின் பெரும்பாலும் ஆறு மாதம், மணமானவனாயின் ஓராண்டு. வசந்தத்தின் இறுதியில் வரும் விற்சன் தவணையும், நவம்பரில் வரும் மாட்டின்மஸ் தவணையும் அவனுடைய ஆண்டின் இரு தூண்கள். தவணை நெருங்கும்போது சிற்றூர்த் தெருக்களில் ஆள் அமர்த்துஞ் சந்தை கூடும். கமக்காரர் வந்து உடற்கட்டை நோக்குவார், பேரம் பேசுவார், இருவரும் இணங்கினால் ஒரு சிலிங் அளவிலான அச்சாரம் கைமாறும். அச்சாரம் வாங்கியவன் தவணை முடியுமுன் பண்ணையை விட்டு நீங்கினால், 1875 வரை அது குற்றவியற் சட்டத்தின்பாற் பட்டது. சிறை செல்லவும் நேரலாம். கமக்காரர் ஒப்பந்தத்தை மீறினாலோ அது வெறும் வழக்கு. இவ்வேற்றுமையை நினைவிற் கொள்ளாமல் அவனுடைய ஊர்மாற்றங்களை விளங்கிக்கொள்ள இயலாது.

ஊதியத்தின் ஒரு பகுதியே காசு. மணமான உழவாளுக்குப் பல மாவட்டங்களில் ஆண்டுக்கு ஆறரைப் 'போல்' அளவு ஓற்ஸ் மா கொடுக்கப்பட்டது. ஒரு போல் மா 140 இறாத்தல். ஆகவே ஆண்டுக்கு 910 இறாத்தல், நாளொன்றுக்கு ஏறத்தாழ இரண்டரை இறாத்தல். அத்துடன் பாலும், கிழங்கும், பண்ணைக்குச் சொந்தமான ஒரு குடிலும். வேலை போனால் அன்றே வீடும் போகும். குதிரைகளைப் பூட்டி உழுவோரிடையே முதலாமவன், இரண்டாமவன், மூன்றாமவன் என்ற வரிசையும் உண்டு. காலையிலே தொழுவத்திலிருந்து குதிரைகளை வெளியே கொண்டுவருவதும் அவ்வரிசைப்படியே. குடிசனமதிப்பின் எழுதுகோல் இவையனைத்தையும் 'பண்ணையாள்' அல்லது 'உழவாள்' என்னும் ஒரு சொல்லுக்குள் அடக்கிவிடுகின்றது.

இப்பொழுது ஏட்டைப் புரட்டுவோம். பெயர் சுட்டி ஒரு குடும்பத்தை எடுத்துக்காட்டாது, இத்தகைய ஏடுகளில் மீண்டும் மீண்டுங் காணப்படும் போக்கை ஒரு குடும்பமாகத் திரட்டிக் காட்டுகின்றேன். இது ஒரு மாதிரியுருவேயன்றி எவருடைய மெய்க்கதையுமன்று. இடம் ஸ்கொத்லாந்தின் கிழக்குக் கரையிலுள்ள கின்காடின் மாவட்டம். மேர்ன்ஸ் என்பது அதன் பழம்பெயர். போர்டூன், ஆபுத்நொற், கார்வொக், லோரன்ஸ்கேர்க், பெற்றர்கேர்ண் என ஒன்றையொன்று தொட்டுக் கிடக்கும் கோவிற்பற்றுகள் கொண்டது அம்மாவட்டம். போர்டூனைச் சேர்ந்த ஓக்கன்பிளே என்னுஞ் சிற்றூர்ப் பக்கத்தில் 1835இற் பிறந்தவரே, 1852இல் இலங்கைக்கு வந்து, 1867இல் லூல்கந்துரத் தோட்டத்திலே தேயிலையைப் பயிரிட்ட ஜேம்ஸ் ரெயிலர் என்பதை அறிந்தால், இவ்வூர்ப் பெயர்கள் நமக்கு அத்துணை அந்நியமாகத் தோன்றமாட்டா.

1841. நம் பண்ணையாள் '25' வயதினன். ஒரு பெரும் பண்ணை வீட்டின் பட்டியலிலே, கமக்காரர், அவர் மனைவி, அவர் பிள்ளைகள் ஆகியோருக்குக் கீழே, ஏனைய வேலையாட்களோடு அவன் பெயர் நிற்கின்றது. உறவு நிரல் இல்லாமையால், அவன் அவ்வீட்டுப் பிள்ளையோ வேலையாளோ என்பதைத் தொழில் நிரலைக் கொண்டே துணியவேண்டும். அவனுடைய பெற்றோர் யாவர், எங்குள்ளனர் என்பதற்கு அப்பக்கத்தில் விடையில்லை. குறிக்கத்தக்க செய்தி இன்னுமொன்று. அவ்வாண்டின் கணக்கு யூன் மாதத்தது. விற்சன் தவணை மே மாதத்தது. ஆகவே பலர் அங்கு வந்து சில நாட்களே ஆகியிருக்கலாம். 1851 முதலாகக் கணக்கு மார்ச்சு இறுதியிலோ ஏப்பிரில் முதற் கிழமையிலோ எடுக்கப்பட்டது. அப்பொழுது மே மாதத்தில் வெளியேறப்போகின்றவர்கள் இன்னும் பழைய குடிலிலேயே இருப்பர். ஏட்டிலே காணும் முகவரியைக் கொண்டு, 'இவன் இவ்வூரான்' என்று எழுதிவிடும் ஆய்வாளன் இரண்டு மாத இடைவெளியில் தவறிழைக்கின்றான்.

1851. வயது 36. மனைவி, நான்கு பிள்ளைகள். அவர்கள் இருப்பது போர்டூனில் ஒரு பண்ணைக் குடிலில். பிறந்த இடம் என்னும் நிரலை மேலிருந்து கீழாக வாசிப்போம். தந்தை கார்வொக்; தாய் லோரன்ஸ்கேர்க்; எட்டு வயது மகன் ஆபுத்நொற்; ஆறு வயது மகள் கார்வொக்; மூன்று வயது மகன் பெற்றர்கேர்ண்; கைக்குழந்தை போர்டூன். இந்த ஆறு சொற்களும் எட்டாண்டுகளில் அக்குடும்பம் நடந்த வழியின் தடங்களாகும். பிள்ளை பிறவாத ஆண்டில் நிகழ்ந்த மாற்றங்கள் இதிற் பதிவதில்லையாதலின், மெய்யான வழி இதனினுங் கோணலானது. ஆறு வயதுக்கும் மூன்று வயதுக்கும் இடையே உள்ள வெளியையும் உற்றுநோக்குதல் வேண்டும். அங்கே ஒரு பிள்ளை பிறந்து இறந்திருக்கக்கூடும். இரண்டு கணக்குகளுக்கிடையே தோன்றி மறைந்த குழந்தையைக் குடிசனமதிப்பு ஒருபோதும் அறியாது. 1855க்கு முன் அதனை அறிவிக்கத்தக்கது கோவிற்பற்றின் ஞானஸ்நான ஏடே. ஆனால் 1843இல் ஸ்கொத்லாந்துத் திருச்சபை இரண்டாகப் பிளந்தபின், புதுச் சபையைச் சேர்ந்தோரின் பிள்ளைகள் பலர் அவ்வேட்டிலும் இல்லை. மூத்த மகனுக்குத் தந்தைவழிப் பாட்டனின் பெயரும், இரண்டாம் மகனுக்குத் தாய்வழிப் பாட்டனின் பெயரும் இடுதல் அந்நாட்டு வழக்கம்; இறந்த பிள்ளையின் பெயரைப் பின் பிறந்ததற்கு இடுதலும் உண்டு. நம்மவரிடையேயும் பேரன் என்னுஞ் சொல்லே பெயரை ஏற்பவனைக் குறித்ததல்லவா? பெயர் வரிசையில் ஓரிடம் வெறுமையாயிருப்பின், ஆய்வாளன் அங்கே ஒரு சிறு கல்லறையைத் தேடலாம்.

ஐந்து கோவிற்பற்றுகள் என்றவுடன் நெடுந்தூரம் அலைந்தனர் என்று எண்ணற்க. இவை யாவும் சில மைல் வட்டத்துள் அடங்குவன. ஒரு குடும்பம் இருபதாண்டு இடம்மாறியும் ஒரே மலையைப் பார்த்துக்கொண்டிருத்தல் கூடும். இவ்வுண்மையை அக்காலத்துப் போதகர்களும் அறிக்கையாளரும் பெரிதும் மறந்தனர். பண்ணையாட்கள் நிலையற்ற மனத்தினர், காரணமின்றி ஊர்மாறுவோர் என்று அவர்கள் கண்டித்தனர். 1853இல் பண்ணையாட்களின் நிலைபற்றி நூல் எழுதிய ஓத்லோ ஊர்ப் போதகர் ஹரி ஸ்ருவட் அவர்கள்மீது உண்மையான இரக்கம் உடையவர். அவர்தம் காலத்துப் போதகருட் பெரும்பாலோர்க்கு அவ்விரக்கமும் இருந்ததில்லை. சங்கம் இல்லை, வேலை நிறுத்தம் இல்லை, தவணை நடுவில் வெளியேறினாற் சிறை என்றிருந்த காலத்திலே, தவணை முடிவில் 'இனி இங்கு நில்லேன்' என்று சொல்லும் உரிமை ஒன்றே அவனிடம் எஞ்சியிருந்தது. கஞ்சத்தனமான கமக்காரரிடமும் கெட்ட உணவு தரும் பண்ணையிலும் எவரும் மறுதவணை நில்லார்; அப்பண்ணையின் பெயரைச் சொல்லியே பாட்டுக் கட்டி அடுத்த சந்தையில் ஆள் வராதபடியுஞ் செய்வர். 1979இல் வடகீழ் ஸ்கொத்லாந்தின் பண்ணை வாழ்வு பற்றி நூல் எழுதிய இயன் காட்டரும், 1984இல் தாழ்நிலப் பண்ணையாட்களைப் பற்றிய கட்டுரைத் தொகுதியைப் பதிப்பித்த தொம் டிவைனும் இத்துறைக்கு வழிகாட்டிகள். அவர்தம் ஆய்வுகளுக்குப் பின், ஊர்மாற்றத்தை மனத்தளர்ச்சியாகக் கொள்ளும் பழைய கருத்தை யாரும் எளிதில் ஏற்கமாட்டார். பிறந்த இட நிரல் ஒரு பேரத்தின் வரலாறுமாகும் என்பது என் துணிபு.

1861. இப்பக்கமே மிகவுஞ் சிக்கலானது. அதனாலேயே மிகவும் பயன்தருவது. லோரன்ஸ்கேர்க் ஊரிலே ஒரு வாடகை வீட்டில் அக்குடும்பத்தைக் காண்கின்றோம். ஆனால் குடும்பத்தலைவர் என்னும் இடத்தில் நிற்பது மனைவியின் பெயர். தொழில்: 'உழவாளின் மனைவி'. மணநிலை: மணமானவர். பலகணியுள்ள அறை ஒன்று. இளைய பிள்ளைகள் மூவர் அவளுடன் உளர். கணவன் எங்கே? இறந்தானா, கைவிட்டானா, கடல் கடந்தானா? அப்பக்கத்தை மட்டும் வாசிப்பவன் இவற்றுள் ஏதேனுமொன்றை நம்பிவிடுவான்.

விடை வேறொரு கோவிற்பற்றின் ஏட்டில் உள்ளது. ஒரு பெரும் பண்ணையின் பெயருக்குக் கீழே 'பொத்தி' என்று ஒரு வீடு. பொத்தி என்பது உழவாட்கள் ஒருங்கே உறங்கிச் சமைத்துண்ணும் கொட்டில். அங்கஸ், பேர்த், மேர்ன்ஸ் முதலிய பகுதிகளில் இம்முறை பெருவழக்காயிருந்தது. வடக்கே அபடீன் பக்கத்தில் ஆட்கள் பண்ணை வீட்டு அடுக்களையில் உண்டு, தொழுவத்தை ஒட்டிய அறையில் உறங்கினர். பொத்தியில் அடுக்களைப் பெண் இல்லை. ஓற்ஸ் மாவில் உப்பிட்டுக் கொதிநீர் ஊற்றிக் கிண்டினாற் காலையுணவு. பெரும்பாலும் மாலையுணவும் அதுவே. நாம் காணும் பொத்தியில் ஐவர். நால்வர் இருபது வயதை ஒட்டிய மணமாகாதவர். ஐந்தாமவன் வயது 45, மணமானவன், பிறந்தது கார்வொக். அவனே நாம் தேடியவன். 1851இல் 36 ஆயிருந்தவன் பத்தாண்டின்பின் 45 ஆனது எங்ஙனம் எனில், வயதைத் துல்லியமாக நினைவிற் கொள்ளாமை அக்காலத்துப் பொதுவியல்பு. ஓரிரண்டு ஆண்டு வேற்றுமைக்காக ஒருவனை வேறொருவன் என்று தள்ளிவிடுதல் தகாது. பெயர், பிறந்த இடம், மணநிலை ஆகிய மூன்றும் பொருந்துவதே முக்கியம்.

இப்பிரிவு எங்ஙனம் நேர்ந்தது? 1845ஆம் ஆண்டின் வறியோர் சட்டத்தின்பின் வறியோரைத் தாங்குதற்கென வரி விதிக்குங் கோவிற்பற்றுகள் பெருகின. குடிலிலே குடும்பம் இருந்தால், நாளை அக்குடும்பம் வறுமையுற்று வரியின்மேல் விழும் என்று நிலக்கிழாரும் கமக்காரரும் அஞ்சினர். குடில் கட்டுவதும் பழுது பார்ப்பதும் செலவு. ஒரு கொட்டிலில் ஐந்து இளைஞரை வைத்திருத்தல் மலிவு. எனவே பிள்ளைகள் பலருள்ள உழவாளுக்குச் சந்தையில் மதிப்புக் குறைந்தது. அவன் மனைவி மக்களை ஊரிலே ஓர் அறையில் அமர்த்திவிட்டுத் தான் பொத்தியில் உறங்கினான். சனி மாலை நடந்து சென்று மக்களைக் கண்டு, ஞாயிறு இரவு திரும்பினான். ஏப்பிரில் 7ஆம் நாள் இரவு ஞாயிற்றுக்கிழமையிரவு என்பதை மறத்தலாகாது. மனைவியோடு ஒரு பகல் இருந்துவிட்டுத் திரும்பி வந்தபின்னரே அவன் பெயர் பொத்தியின் பட்டியலில் ஏறியிருத்தல் கூடும். அவன் அன்று சற்றுத் தங்கியிருந்தால் நாம் அவனை வேறோர் ஏட்டிற் கண்டிருப்போம். இப்பிரிவும் நமக்குத் தெரியாமற் போயிருக்கும்.

மூத்த மகனும் மூத்த மகளும் தாயுடன் இல்லை. பதினெட்டு வயது மகனை வேறொரு பண்ணையின் பொத்தியிலும், பதினாறு வயது மகளைக் கமக்காரர் வீட்டுப் பணிப்பெண்ணாகவும் காணலாம். ஏழு பேர் கொண்ட ஒரு குடும்பம் நான்கு கூரைகளின் கீழ் நான்கு வேறு பட்டியல்களிற் கிடக்கின்றது. 'ஸ்கொத்லாந்துக் குடும்பத்தின் சராசரி அளவு' என்று எவரேனுங் கணக்கிட்டால், பொத்தியிலுள்ள ஐவரை ஒரு குடும்பமாகவும், தாயும் மூன்று பிள்ளைகளும் வாழும் அறையை இன்னொரு குடும்பமாகவும் எண்ணுவர். எண் பிழையன்று, ஆனால் அது எண்ணியது குடும்பத்தையன்று.

இனி, பெண்களின் நிலையை நோக்குவோம். 'உழவாளின் மனைவி' என்னுந் தொடர் தொழில் நிரலில் அடிக்கடி வருகின்றது. கிழங்கு நடுதல், களை கொத்துதல், அறுவடை, கிழங்கு பொறுக்கல் ஆகியவற்றில் அவள் ஈட்டிய கூலி எங்கும் பதியப்படவில்லை. கணக்கெடுத்த வசந்த காலத்தில் அவ்வேலைகளுட் பல தொடங்கியிருக்கவும் மாட்டா. தென்கிழக்கு மாவட்டங்களில் இதனினும் வியப்பான ஒரு நிலை இருந்தது. அங்கே மணமான உழவாள் தன்னோடு ஒரு பெண்ணையும் வயல்வேலைக்குக் கொண்டுவருதல் ஒப்பந்தத்தின் கட்டாயம். மனைவியோ மகளோ இயலாதபோது, அவன் வேறொரு பெண்ணைத் தானே கூலிக்கமர்த்தித் தன் குடிலில் உண்டியும் உறையுளும் கொடுக்கவேண்டும். 'பொண்டேஜர்' என அப்பெண் வழங்கப்பட்டாள். ஏட்டில் அவள் அவ்வீட்டு 'வேலையாள்' எனப் பதியப்படும்போது, இரண்டு அறைக் குடிலில் வாழும் உழவாள் வேலைக்காரி வைத்திருக்கும் செல்வன் போலத் தோன்றுகின்றான்! 1860களில் உழவாட்களே எதிர்த்தெழுந்ததனால் இவ்வழக்கம் தேய்ந்து மறைந்தது.

பணிப்பெண்ணாகப் பண்ணை வீட்டில் வாழ்ந்த மகளின் கதை பல வேளைகளில் இன்னொரு பக்கத்திலே தொடரும். 1855இற் பிறப்புப் பதிவு தொடங்கிச் சில ஆண்டுகளுள், ஸ்கொத்லாந்திற் பிறக்கும் குழந்தைகளில் நூற்றுக்கு ஒன்பது பத்து அளவினர் மணவினைக்குப் புறம்பே பிறந்தவர் என்பது வெளியாயிற்று. வடகீழ் மாவட்டமான பான்வ்ஷயரிலே நூற்றுக்குப் பதினாறு அளவு. நகரமே ஒழுக்கக்கேட்டின் உறைவிடம் என்று எண்ணியிருந்த போதகர்கள் திகைத்தனர். விவிலியம் வாசிக்கும் உழவர் நாட்டிலா இது நிகழ்வது என்று வினவினர். மணமானவனுக்குக் குடில் கொடாத பண்ணைமுறை மணத்தையே தள்ளிப்போடச் செய்தது என்பதைச் சிலரே உணர்ந்தனர். அத்தகைய குழந்தை பெரும்பாலும் பாட்டியின் வீட்டில் வளரும். தாய் மீண்டும் வேலைக்குச் செல்வாள். ஏட்டில் ஐம்பது அறுபது வயதுடைய பெண்ணொருத்தி தலைவியாயிருக்க, உறவு நிரலிலே 'பேரன்' என்று எழுதப்பட்டு, பெற்றோர் எவருமின்றி ஒரு சிறுவன் நிற்பின், பெரும்பாலும் நாம் காண்பது இதனையே.

இவ்வாறு பிறந்தோர் யாவரும் வரலாற்றில் மறைந்துவிடவில்லை. 1866 ஒக்டோபர் 12ஆம் நாள், மரே மாவட்டத்து லொசிமவுத் என்னும் மீனவர் ஊரில், ஈரறைக் குடில் ஒன்றிலே, உழவாளொருவனுக்கும் பண்ணைப் பணிப்பெண்ணொருத்திக்கும் மணவினையின்றி ஓர் ஆண்மகவு பிறந்தது. தாயும் பாட்டியுமே அப்பிள்ளையை வளர்த்தனர். பள்ளிப்படிப்பு முடிந்ததும் சில காலம் கிழங்கு பொறுக்கப் போன அச்சிறுவனை, அவனுடைய ஆசிரியர் மாணவ ஆசிரியனாக அழைத்துக்கொண்டார். பிற்காலத்தில் 1924இலும், 1929 முதல் 1935 வரையும் பிரித்தானியாவின் பிரதமராக விளங்கிய ராம்சே மக்டொனால்ட் அவரே. 1915இல் அவருடைய அரசியற் பகைவர் ஒருவர் பிறப்புப் பதிவின் படியைத் தம் பத்திரிகையில் அச்சிட்டு அவரை இழிவுபடுத்தினார். பதிவேடு எவ்வளவு நடுநிலையானதெனினும் அதனை எடுத்துக்காட்டுவோன் கை நடுநிலையானதாய் இராது. 1931இல் டொனமூர் அரசியற்றிட்டம் இலங்கையில் நடைமுறைக்கு வந்தபொழுது பிரதமராயிருந்தவரும் இவ்வுழவாளின் மைந்தரே. அவ்வாண்டுத் தேர்தலை யாழ்ப்பாணம் புறக்கணித்தமை இம்மலரின் வாசகர் அறிந்ததொன்று.

1871ஆம் ஆண்டுப் பக்கத்தை விரைவிற் கடந்து செல்லலாம். (இலங்கையிலே முதன்முறையாகக் குடிசனமதிப்பு எடுக்கப்பட்டதும் அவ்வாண்டிலேயே.) தந்தைக்கு மீண்டும் ஒரு குடில் கிடைத்திருக்கின்றது, மக்கள் உழைக்கும் வயதினராய்விட்டதால் சந்தையில் அவன் மதிப்பு மீண்டது எனக் கொள்ளலாம். 1872ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் ஐந்து முதற் பதின்மூன்று வயதுவரை கல்வியைக் கட்டாயமாக்கிற்று. ஆயினும் தவணை நாள் வந்ததும் பிள்ளைகள் வண்டியேறிப் போய்விடுதலும், புதிய முகங்கள் வந்து சேர்தலும் ஆசிரியர்களுக்கு ஓயாத் தலையிடியாய் நீடித்தன. 1881இல் பிள்ளைகளை அம்மாவட்டத்து ஏடுகளில் தேடினாற் பலர் அகப்படார். டண்டி நகரத்துச் சணல் ஆலைகள் வங்காளத்துச் சணலை நூற்கப் பெண்களை அழைத்தன. கனடாவும் நியூசிலாந்தும் உழவரை அழைத்தன. எல்லை கடந்தவனைப் பற்றி அவ்வேடு பேசாது.

தந்தையும் தாயும் எஞ்சினர். உழவாளின் முதுமை கொடிது. குதிரையேர் பிடிக்க வலிவற்றவனுக்குக் குடில் இல்லை. 1845ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒருவன் தொடர்ந்து ஐந்தாண்டு ஒரே கோவிற்பற்றில் உழைத்து வாழ்ந்தாலன்றி அங்கு உதவி பெறும் உரித்தைப் பெறான். அவ்வுரித்து இல்லாதவனைத் தாங்கும் பொறுப்பு அவன் பிறந்த கோவிற்பற்றைச் சாரும். தவணைதோறும் இடம் மாறியவன் எங்கே ஐந்தாண்டு நிறைத்தான்? இதனால், பிறந்த இடம் என்னும் நிரலிலுள்ள சொல் வெறுஞ் செய்தியாய் நில்லாது, அவனுடைய கடைசிக் காலத்துச் சோறாயிற்று. யார் தாங்குவது என்று கோவிற்பற்றுகள் தம்முள் வழக்காடின. லோரன்ஸ்கேர்க்கில் வாழுங் கிழவனுக்கு, அவன் சிறுவயதில் விட்டு நீங்கிய கார்வொக் பணமனுப்ப நேர்ந்தது. குடிசனமதிப்பில் ஒருவன் தன் வயதை மறந்தாலும் பிறந்த கோவிற்பற்றை மறவாது சொன்னதற்கு இதுவுமொரு காரணமாகலாம்.

உதவி வேண்டி வந்தவனிடம் வறியோர் பரிபாலன அலுவலர் இவ்வுரித்தை நிறுவுதற்காக முழு விவரமுங் கேட்டறிந்தார். எங்கே பிறந்தாய், எந்தப் பண்ணையில் எந்தத் தவணை முதல் எந்தத் தவணை வரை நின்றாய், அடுத்து எங்கே, அதற்கடுத்து எங்கே? முதியவன் நின்றுகொண்டு, கார்வொக்கிலிருந்து தொடங்கி, பண்ணைகளின் பெயரை ஒவ்வொன்றாகச் சொல்லுகிறான்; அலுவலர் எழுதிக்கொள்கிறார். எடின்பரோவிலும் மாவட்டச் சுவடிக் கூடங்களிலும் அவ்வாறு எழுதப்பட்ட பதிவேடுகள் பல இன்றும் உள.